சக்கரம் போன வழி

சங்கரன்கோவிலில் என் தாய்மாமாவுக்கு நாலு விசைத்தறி இருந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை விட்டால் மேலநீலிதநல்லூரில் பஸ் ஏறி அங்கே போய்விடுவேன். தறி ஓடும் கூடத்தில் பேச வேண்டுமென்றால் காதோரம் வாயை வைத்துப் பேச வேண்டும். அத்தை சாப்பிடக் கூப்பிடுவதைக் கையசைப்பில்தான் தெரிந்துகொள்வோம். நாலில் ஒரு தறி நின்றுவிட்டால் போதும், அந்தச் சத்தக் குறைவு அடுப்படி வரைக்கும் தெரியும்.

அப்படி ஒருநாள் நின்றது. நெய்த துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துச் சுற்றுகிற பக்கத்தில் ஒரு பல்சக்கரம் உண்டு. சேஞ்ச் வீல் என்பார்கள். அதன் பல் எண்ணிக்கையை மாற்றினால் ஓர் அங்குலத்தில் விழும் ஊடை இழைகளின் எண்ணிக்கை மாறும். துணி நெருக்கமாகவோ தளர்வாகவோ வரும். அந்தச் சக்கரத்தில் அடுத்தடுத்து இரண்டு பல் உடைந்துபோயிருந்தது. மாமா அதைக் கழற்றி, கழிவு நூலால் எண்ணெயைத் துடைத்து, ஒரு பழைய துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். "லேத்துப் பட்டறை அண்ணாச்சிட்ட கொடு. இதே மாதிரி ஒண்ணு வேணும்னு சொல்லு."

பட்டறை அண்ணாச்சி முதல் பல்லில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டு எண்ணினார். உடைந்த இடத்தில் விரலை வைத்து இரண்டு பல்லைக் கூட்டிக்கொண்டார். கோடு வரும்வரை எண்ணி முடித்து, இன்னொரு தடவையும் எண்ணினார். பிறகு வெர்னியரை எடுத்துப் பல்லின் நடுவில் வைக்காமல் ஓரத்தில் வைத்து அளந்தார். ஏன் அங்கே என்று கேட்டேன். "ஜோடி வீலு உரசாத ஓரம் தம்பி இது. தேஞ்ச எடத்துல அளந்தா தேஞ்ச வீலுதான் வரும்."

அன்றைக்கு வரைபடம் என்று ஒன்று இந்த வேலைக்குள் வரவே இல்லை. சக்கரத்தின் விவரம் முழுவதும் சக்கரத்துக்குள்ளேயே இருந்தது. இரும்புதான் கடிதம், அதைச் சுமந்துபோன நான்தான் தபால்காரன். படிக்கத் தெரிந்தவர் அந்தப் பட்டறையில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் புதுச் சக்கரம் வந்தது, தறி ஓடியது. ஊர்களுக்கு இடையே ஒரு வடிவம் பயணம் போவதற்கு அதைவிடப் பத்திரமான வழியை நான் இன்றுவரை பார்க்கவில்லை. அந்த வழிக்கு எல்லை உண்டு. பஸ் போகும் தூரம்தான் அதன் தூரம்.

2004இல் தென் மாவட்டக் கல்லூரி ஒன்றில் எம்.இ. படித்துக்கொண்டிருந்தேன். மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை. திட்ட ஆய்வுக்குத் தலைப்பு தேடியபோது அந்தச் சக்கரம்தான் நினைவுக்கு வந்தது. இப்போது 3டி பிரிண்டிங் என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வதை அப்போது ரேபிட் புரோட்டோடைப்பிங் என்போம். கடைந்தும் வெட்டியும் எடுக்காமல், அடுக்கின் மேல் அடுக்காகச் சேர்த்து ஓர் உருப்படியை எழுப்பும் முறை. அமெரிக்காவின் சக் ஹல் 1986இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் தொடங்கிய 3டி சிஸ்டம்ஸ் நிறுவனம் மறு ஆண்டிலேயே, வடிவத்தை மெஷினுக்குச் சொல்வதற்கென்று எஸ்டிஎல் என்ற கோப்பு வகையையும் கொண்டுவந்தது. உலகம் முழுக்க மெஷின்கள் எத்தனையோ தலைமுறை மாறிவிட்டன. அந்தக் கோப்பு மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

எஸ்டிஎல் செய்வது எளிய காரியம். எந்த வடிவத்தையும் முக்கோணங்களால் போர்த்திவிடும். ஒவ்வொரு முக்கோணத்துக்கும் மூன்று முனைகள், அது எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதற்கு ஒரு திசை. ஆக 12 எண்கள், 48 பைட்; கூடுதலாக இரண்டு பைட் சேர்த்து ஐம்பது. 1.44 எம்பி ஃபிளாப்பியில் சுமார் 29,000 முக்கோணம் கொள்ளும். அதற்கு மேல் போனால் இன்னொரு ஃபிளாப்பி வாங்க வேண்டும், கோப்பைத் துண்டு போட வேண்டும். அதனால் முக்கோணத்தைக் குறைத்து வைப்போம். குறைத்தால் வட்டம் வட்டமாக இராது. இரண்டரை அங்குலச் சக்கரத்தின் விளிம்பை 36 பக்கங்களாக மடித்தால், வளைவு இருக்க வேண்டிய இடத்துக்கும் நேர்கோடு கிடக்கும் இடத்துக்கும் 0.12 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். 120 பக்கமாக்கினால் அது 0.01க்கு இறங்கும். பல்சக்கரத்தின் பல்லுக்கு உயிரே அந்த வளைவுதான். ஒரு பல் இன்னொரு பல்லின் மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், இடறக் கூடாது.

என் ஆய்வுக் கேள்வி இதுதான்: ஒரே சக்கரத்தை வெவ்வேறு கோப்பு வழியாக அனுப்பினால், ஒவ்வொரு வழியிலும் பல்லின் வடிவம் எவ்வளவு கெட்டுப்போகிறது?

கல்லூரியில் இருந்த வரைமென்பொருள் ஒன்று. பெருநகரத்தில் மெஷின் வைத்திருந்த நிறுவனத்திடம் இருந்தது வேறொன்று. இரண்டும் ஒன்றின் கோப்பை ஒன்று திறக்காது. இடையே ஐஜெஸ் என்ற பொதுக் கோப்பு உண்டு, 1980இல் அமெரிக்காவில் உருவானது. அதை நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு வரியும் எண்ணிவைத்தாற்போல் 80 எழுத்தில் முடியும். பழைய கணினிகளின் ஓட்டை அட்டையின் அகலம் அது. முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்குத் தறிக்கூடம்தான் ஞாபகம் வந்தது. அட்டையில் ஓட்டை போட்டுத் துணியில் பூ விழவைத்த ஜக்கார்டின் தறி 1804ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இன்ன இடத்தில் ஓட்டை, இன்ன இழை தூக்கும் என்ற அந்தச் சேதியை அட்டை பார்த்துப் படிக்கிற நெசவாளிகள் நம் பக்கம் எவ்வளவோ பேர் உண்டு.

ஐஜெஸ் வழியாகப் போன சக்கரம் மறுமுனையில் ஓட்டையும் உடைசலுமாகத் திறந்தது. இரண்டு பரப்புகளுக்கு நடுவே 0.01 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் ஒரு மென்பொருள் அதை ஒட்டியதாக எடுத்துக்கொள்ளும், இன்னொன்று 0.001 வரை கேட்கும். முதலாவது கெட்டியான சக்கரம் என்று அனுப்பியது, இரண்டாவதன் கணக்கில் தையல் விட்ட பை. தண்ணீர் ஊற்றினால் ஒழுகும் வடிவத்தை எந்த மெஷினும் அச்சிடாது. எது உள்ளே எது வெளியே என்று அதற்குத் தெரியாது.

இதைச் சரிசெய்ய ஒரு மொழிபெயர்ப்பு மென்பொருள் உண்டு என்று தெரிந்தது. வரைமென்பொருளோடு வராது. தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய உறுப்பு. கணினியின் பின்னால் பிரிண்டர் வயர் சொருகும் இடத்தில் ஒரு சின்னப் பூட்டு மாட்டினால்தான் அது வேலை செய்யும். விலை என் ஓராண்டு உதவித்தொகைக்கு மேல். விண்ணப்பம் எழுதினேன். பல்சக்கர ஆய்வுக்கு இந்த மென்பொருள் எதற்கு என்று ஒன்றரைப் பக்கம். துறைத் தலைவர் பரிந்துரை, மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், கொள்முதல் குழு. மூன்று கொட்டேஷன் எங்கே போய் வாங்குவது? அந்த மென்பொருளை விற்பவரே நாட்டில் ஒருவர்தான். அதை விளக்கி இன்னொரு கடிதம். மார்ச் 31 வந்தது, நிதியாண்டு முடிந்தது, விண்ணப்பம் அந்தக் கட்டோடு பீரோவுக்குள் போனது.

யாரையும் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. அங்கே இருந்தவர்கள் விதிப்படி நடந்தார்கள். ஆனாலும் அந்த வருடத்தை நான் மறக்கவில்லை. ஒரு வடிவத்தை வரைய என்னால் முடிந்தது. அச்சிட ஒரு மெஷின் இருந்தது. நடுவில் ஒருவர் பேச்சை ஒருவருக்குச் சொல்ல ஆள் இல்லாமல் காரியம் நின்றது. பெருநகர ஆய்வுக்கூடங்களில் அந்த ஆள் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் வேறு வழியில்லாமல் எஸ்டிஎல் கோப்பாகவே அனுப்பினேன். கொட்டேஷன் மிகக் குறைவாக வந்தது. நானும் வழிகாட்டிப் பேராசிரியரும் மகிழ்ந்துபோனோம். இரண்டு வாரத்தில் கூரியரில் ஒரு பொட்டலம். உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறை, உறைக்குள் கடுகைவிடச் சற்றே பெரிய ஒரு தேன்நிற மணி. உள்ளங்கையில் வைத்து, லென்ஸ் கொண்டு பார்த்தேன். விளிம்பில் பல் இருந்த சாயல் தெரிந்தது.

பழைய இங்கிலாந்துத் தறிகளின் வாரிசு எங்கள் தறி. அதன் சக்கரங்களை அங்குலக் கணக்கில்தான் வரைவோம். விட்டம் 2.5 என்று வரைந்திருந்தேன். எஸ்டிஎல் அந்த 2.5ஐ எழுதிக்கொள்ளும், அது அங்குலமா மில்லிமீட்டரா என்று எழுதிக்கொள்ள அதற்குள் இடமே கிடையாது. மறுமுனை மெஷின் எண்களை மில்லிமீட்டராகப் படித்தது. இரண்டரை அங்குலச் சக்கரம் இரண்டரை மில்லிமீட்டராகப் பிறந்தது. கோப்பில் உள்ளபடிதான் செய்தோம் என்று அவர்கள் சொன்னார்கள், உண்மையும் அதுதான். அந்த மணி இன்னும் என் மேசை டிராயரில், அதே பஞ்சில் இருக்கிறது. மாணவர்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் அதைத்தான் கையில் கொடுக்கிறேன்.

இந்தத் துன்பம் பொறியாளருக்கு மட்டும் வந்ததாக நான் நினைக்கவில்லை. அதே காலத்தில் சங்கரன்கோவிலில் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போனவர்களுக்குக்கூட இது தெரியும். வீட்டுக் கணினியில் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொண்டுபோன வாசகத்தை டிடிபி கடையில் திறந்தால், அம்மா என்று அடித்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். கடைக்காரரிடம் வேறு எழுத்துரு. ஒவ்வொரு பத்திரிகை அலுவலகத்துக்கும் ஒரு குறியாக்கம், டிஸ்கி ஒன்று, டாப் ஒன்று, டாம் ஒன்று. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு அரசு டாப், டாம் இரண்டையும் தரமாக ஏற்றது. 2010இல் யூனிகோடுக்கு மாறியது. இடைப்பட்ட காலத்தில் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகளை இலவசமாகக் கொடுத்தவர்கள் தமிழுக்குச் செய்த காரியத்தைச் சாதாரணமாக நினைக்க முடியாது. இன்று செல்பேசியில் யாருக்கு அனுப்பினாலும் அம்மா அம்மாவாகவே போய்ச் சேருகிறாள். எழுத்துக்கு நடந்தது வடிவத்துக்கும் நடக்க வேண்டியிருந்தது. அது மெதுவாக நடந்தது.

மெதுவாக என்பதைச் சொல்லக் காரணம் உண்டு. ஐஜெஸுக்கு அடுத்து வந்த ஸ்டெப் என்ற பொதுத்தரம் 1994லேயே ஐஎஸ்ஓ முத்திரை பெற்றுவிட்டது. அதில் வட்டம் வட்டமாகவே போகும், அளவுக்கு அலகும் கூடவே போகும். ஆனால் அதை எழுதிப் படிக்கும் வசதியும் விலை கொடுத்தவர்களிடம்தான் இருந்தது. தாழ்ப்பாள் விலகியது வேறு பக்கத்திலிருந்து. 1999இல் மாட்ரா டேட்டாவிஷன் என்ற பிரெஞ்சு நிறுவனம், வடிவக் கணிதத்தைச் செய்யும் தன் மென்பொருள் அடித்தளத்தை ஓபன் காஸ்கேட் என்ற பெயரில் மூலநிரலோடு வெளியிட்டது. அதன் மேல் எழுப்பிய ஃப்ரீகேட் 2002இல் தொடங்கி, 22 ஆண்டு உழைப்புக்குப் பின் 2024 நவம்பரில் 1.0 என்ற எண்ணைத் தொட்டது. ஐஜெஸ், ஸ்டெப், எஸ்டிஎல் எல்லாம் அதில் திறக்கும், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும். காசில்லை, பூட்டில்லை, கொட்டேஷன் இல்லை. நான் ஒன்றரைப் பக்கம் விண்ணப்பம் எழுதிக் கேட்ட பொருளில் பெரும்பகுதி இன்று ஒரு பதிவிறக்கத்தில் வந்து இறங்குகிறது.

மெஷின் பக்கத்திலும் கதவு அப்படித்தான் திறந்தது. பிளாஸ்டிக் கம்பியை உருக்கி இழை இழையாக வரையும் முறையின் அடிப்படைக் காப்புரிமை 2009இல் காலாவதியானது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005இல் தொடங்கிய ரெப்ராப் திட்டம் மெஷினின் வரைபடத்தையே எல்லோருக்கும் கொடுத்திருந்தது. இரண்டும் சேர்ந்ததும், ஆய்வுக்கூடச் சொத்தாக இருந்த மெஷின் வீட்டு மேசைக்கு வந்தது. 2015இல் பெரிய நிறுவனங்கள் கூடி 3எம்எஃப் என்ற புதுக் கோப்பு வகையைக் கொண்டுவந்தன. உள்ளே பிரித்துப் பார்த்தால் படிக்கக்கூடிய எழுத்து. முதல் வரிகளிலேயே அலகு என்ன என்று எழுதியிருக்கும். அந்த ஒரு சொல்லை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன், திரையில்.

இந்த வழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எங்கள் பழைய திருநெல்வேலி மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது சங்கரன்கோவிலும் மேலநீலிதநல்லூரும் இந்தப் பக்கம் வந்தன. மகேந்திரகிரி நெல்லையிலேயே நின்றது. அங்கே இஸ்ரோவின் உந்துவிசை வளாகத்தில் 2024 மே 9ஆம் தேதி பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் கட்ட எஞ்சினை 665 விநாடி எரித்துப் பார்த்தார்கள். உலோகத் தூளை லேசரால் உருக்கி அடுக்கடுக்காக எழுப்பிய எஞ்சின் அது; விப்ரோ 3டி செய்து கொடுத்தது. பழைய முறையில் 14 உறுப்புகளைச் சேர்த்துச் செய்ததை ஒரே உருப்படியாக்கினார்கள். 19 வெல்டிங் இணைப்பு இல்லாமல் போனது. முன்பு ஓர் எஞ்சினுக்கு 565 கிலோ உலோகம் எடுத்து அதைக் கடைந்து கழிப்பார்கள், இப்போது 13.7 கிலோ தூள் போதும். செய்யும் நேரத்தில் 60 சதவீதம் மிச்சம்.

அதே மே மாதம் 30ஆம் தேதி, சென்னை ஐஐடி வளாகத்தில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம் ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினை வைத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் ராக்கெட்டைப் பறக்கவிட்டது. செய்தித்தாளில் அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் எஞ்சினைப் பார்த்திருப்பார்கள். எனக்கு அதற்குப் பின்னால் இருந்த கோப்புகள்தான் கண்ணில் நின்றன. வரைந்தவர் நினைத்த வளைவு, லேசர் நடந்த பாதை வரைக்கும் கைமாறிக் கைமாறிப் போய், எங்கேயும் சிதறாமல் சேர்ந்திருக்கிறது. 19 வெல்டிங் இல்லாமல் போனால் 19 இடத்தில் விரிசல் விடும் பயம் இல்லை என்று பொருள். ஆனால் பயம் கோப்புக்குள் குடிபெயர்ந்திருக்கிறது. அங்கே ஒரு பரப்பு விலகினால் இங்கே உலோகம் விலகும்.

என் தம்பி மகள் இப்போது சென்னையில் இதே துறையில் ஆய்வு செய்கிறாள். உலோகத் தூள் மெஷினில் வரும் நுண்துளைகள் அவள் தலைப்பு. வடிவக் கோப்புக்காக அவள் யாரிடமும் கையேந்தியதில்லை. ஊர்க்கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்த காலத்திலேயே, பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயர் தாங்கிய அந்தக் கல்லூரி வாசலில் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் செல்பேசியில் பாடம் பார்த்து ஃப்ரீகேட் கற்றுக்கொண்டவள். என் 2004ஆம் வருடக் கதையைச் சொன்னால் ஆச்சரியத்தோடு கேட்பாள். ஆனால் அவளும் ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள்.

அவள் கேட்பது வேறு. லேசரின் சக்தி, அது நகரும் வேகம், கோட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி, அடுக்கின் தடிமன் என்று நாலு எண் உண்டு. 200 வாட் சக்தி, விநாடிக்கு 800 மில்லிமீட்டர் வேகம், 0.1 இடைவெளி, 0.03 தடிமன் என்று வைத்தால், ஒரு கன மில்லிமீட்டருக்குச் சுமார் 83 ஜூல் வெப்பம் இறங்கும். ஆய்வுக் கட்டுரைகளில் இந்த நாலு எண்ணும் இருக்கும். அவற்றை அப்படியே எடுத்து வேறு மெஷினில் போட்டால் அதே உலோகம் வருமா? வராது. லேசர் எந்த மூலையில் தொடங்கியது, எந்த வரிசையில் நடந்தது, திரும்பும் இடத்தில் எவ்வளவு நேரம் தாமதித்தது என்பதெல்லாம் சேர்ந்துதான் துளை விழுகிறது. அந்த நடைபாதை மெஷின் கம்பெனியின் சொந்தக் கோப்புக்குள் பூட்டிக் கிடக்கிறது. அதைப் பொதுவான வகைக்கு மாற்றிப் படிக்கத் தரும் மென்பொருளைத்தான் அவள் கேட்கிறாள்.

"வடிவத்தை எல்லாரும் திறந்துட்டாங்க பெரியப்பா. பாதையத்தான் யாரும் திறக்க மாட்டேங்கிறாங்க" என்றாள் ஒருநாள் போனில். இருபது வருடத்தில் பூட்டு இரண்டு அறை உள்ளே தள்ளிப் போயிருக்கிறது என்று எனக்குப் பட்டது. அவள் கடித வரைவை எனக்கு அனுப்பியிருந்தாள். ஆங்கிலத்தில் முக்கால் பக்கம், என்னுடையதைவிடத் தெளிவாக. மெஷின் விற்பவர்களுக்கு அவர்கள் ரகசியம் முக்கியம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பொதுப்பணத்தில் வாங்கிய மெஷினில், பொதுப்பணத்தில் செய்யும் ஆய்வை இன்னொரு ஊர்க்காரர் திருப்பிச் செய்து பார்க்க முடியவில்லை என்றால் அந்தக் கட்டுரையை எப்படி நம்புவது? வாங்கும்போதே, கொள்முதல் ஆணையிலேயே, பாதைக் கோப்பைத் திறந்து தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கும் அதிகாரம் கல்லூரிகளுக்கு இருக்கிறது. விலை பேசும் நேரத்தில் கேட்டால் கிடைப்பது, வாங்கியபின் கெஞ்சினாலும் கிடைக்காது. அந்த வரியைச் சேர்க்கச் சொல்லி நான் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு குழுவிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். கட்டுரையோடு வடிவத்தைப் பகிர்கிறவர்கள் பெரும்பாலும் எஸ்டிஎல் மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதிலிருந்து வளைவைத் திரும்ப எடுப்பது, இட்லியிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்கிற மாதிரி. ஸ்டெப் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். உங்களுக்கு அது இரண்டு கிளிக். எங்கோ ஒரு சின்னக் கல்லூரியில் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு அது ஒரு வருடம்.

போன ஆடித்தபசுக்கு அவள் ஊருக்கு வந்திருந்தாள். சங்கரன்கோவில் தெரு முழுக்கக் கூட்டம். மாமா காலமாகிவிட்டார், நாலு தறியில் இரண்டை அவர் மகன் ஓட்டுகிறான். தபசுக் காட்சி பார்த்துவிட்டு அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது ஒரு தறி நின்றிருந்தது. அதே பக்கத்துச் சக்கரம்.

"லேத்துப் பட்டறை அண்ணாச்சியும் போயிட்டாரு மருமகளே. கோயமுத்தூருக்குத்தான் ஆள் அனுப்பணும்" என்றான்.

"குடுங்க மாமா, வரைஞ்சு பாப்போம். கோவில்பட்டியில எங்கூடப் படிச்ச பையன் பிரிண்டர் வச்சிருக்கான். நைலான்ல போட்டுப் பாக்கலாம். கொஞ்ச நாள் ஓடினாலும் அதுக்குள்ள இரும்பு வந்துரும்லா."

திண்ணையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். அத்தை பழைய துணி ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்க, அதன் மேல் சக்கரத்தை வைத்து டிஜிட்டல் வெர்னியரைப் பல்லின் நடுவில் கொண்டுபோனாள். பளபளவென்று தேய்ந்திருந்த இடம் அது. நான் அவள் கையைப் பிடித்து ஓரத்துக்கு நகர்த்தினேன். ஏன் என்று நிமிர்ந்து பார்த்தாள். சொன்னேன். இரண்டு இடத்திலும் அளந்து பார்த்துக்கொண்டாள், வித்தியாசத்தை நோட்டில் எழுதினாள். பிறகு திரையில் அலகைத் தேர்ந்தெடுத்து, என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"பல்லு எத்தன பெரியப்பா?"

பக்கத்தில் சாக்பீஸ் இல்லை. முதல் பல்லில் விபூதியைத் தொட்டு வைத்துவிட்டு எண்ண ஆரம்பித்தேன்.